பொறுப்பில்லாதவன் என்று சொல்லுமுன்...

நம் வீடுகளில் சிலரைப் பற்றி அடிக்கடி புழங்கும் வார்த்தைகள் உண்டு. "மூளை இருக்கு, பொறுப்பு இல்லை." "எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடுவான்." "ஆயிரம் தரம் சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவான்." பத்து வயதுப் பையனிடம் சொன்னால் அது கண்டிப்பு. முப்பத்தைந்து வயதுக்காரனை மனைவி மக்கள் முன்னிலையில் அப்படிச் சொன்னால் அது தீர்ப்பு. இப்படித் தீர்ப்புக்கு ஆளானவர்களில் சிலருக்கேனும் உண்மையில் இருப்பது, மருத்துவர்கள் கவனக் குறைபாடு என்று சொல்லும் கோளாறு. சிறுபிள்ளையில் தொடங்கும் அது பலருக்குப் பெரியவரான பிறகும் நீடிக்கிறது. அதற்கு வைத்தியம் இருக்கிறது. அதுவும் நாம் பிழைக்க வந்த இந்தப் பெங்களூரிலேயே, நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய செலவில் இருக்கிறது. வாசக அன்பர்களிடம் இதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து, இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகனுக்காகக் கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த நகரத்து மருத்துவமனைகளுக்கு நடந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெயரைத் தவிர்த்து எழுதிக்கொள்ளுங்கள் மாமா என்று அவனே அனுமதி கொடுத்திருக்கிறான்.

"இதெல்லாம் இப்போது வந்த வியாதி, செல்போன் கொண்டுவந்த வியாதி" என்று பல பெரியவர்கள் சொல்லக் கேட்கிறேன். செல்போன் கவனத்தைக் கெடுக்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1798ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், ஒன்றில் கவனத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களைப் பற்றித் தம் நூலில் எழுதியிருக்கிறார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இதே போன்ற பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அப்போது செல்போன் ஏது, சினிமாக் கொட்டகையே ஏது? 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதற்குக் கவனக் குறைபாடு என்று பெயரிட்டது. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, பெரியவர்களைக் கண்டறிவதற்கான அளவைச் சற்றுத் தளர்த்தியது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும் என்கிறார்கள். பரம்பரையின் பங்கும் இதில் மிக அதிகம். மகனுக்கு இது என்று கண்டறியப்பட்ட பிறகு, "எனக்கும் சின்ன வயதிலிருந்து இதேதானே" என்று தகப்பனார் நிமிர்ந்து உட்கார்வது உண்டாம்.

கவனம் என்பதை நாம் ஒரு குணமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். நல்ல பிள்ளைக்குக் கவனம் இருக்கும், கெட்ட பிள்ளைக்கு இருக்காது என்பது நம் கணக்கு. நான் வேலை பார்த்த இலாகா அப்படி நினைக்கவில்லை. இரயில் எஞ்சினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இருவரும் அனுபவசாலிகள், இருவருக்கும் கண் தெரியும், இருந்தும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் எச்சரிக்கும் கருவி எஞ்சினிலேயே இருக்கிறது. அதற்கும் அவர் அசையாவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பாதையில் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுதிக் கையில் கொடுப்போம். இதையெல்லாம் எந்த ஓட்டுநரும் அவமானமாக நினைத்ததில்லை. மனிதக் கவனம் நழுவக்கூடியது, அதற்குத் துணை வேண்டும் என்று நூற்றைம்பது ஆண்டு அனுபவத்தில் இரயில்வே தெரிந்துகொண்டது. வீட்டுக்குள் மட்டும் அதே துணையைக் கேட்டால் பொறுப்பில்லாதவன் ஆகிவிடுகிறான்!

இனி என் மருமகன் கதைக்கு வருகிறேன். தங்கையைக் கோலார் தங்கவயலில் கொடுத்திருந்தது. மைத்துனருக்குச் சுரங்கத்தில் வேலை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் சுரங்கம் மூடப்பட்டபோது பையனுக்குப் பதினொரு வயது. அதற்குப் பின் அந்தக் குடும்பம் பட்ட பாடு தங்கவயல் தமிழர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மாரிக்குப்பத்தில் விடியற்காலை இரயிலைப் பிடித்துப் பெங்களூர் வந்து, இரவு திரும்பிப் போய், மறுபடி விடியலில் எழுந்த ஆயிரக்கணக்கானவர்களில் மைத்துனரும் ஒருவர். பையன் எப்படியோ எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தான். கெட்டிக்காரன், பழுதான எந்தக் கருவியையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவான். ஆனால் பதினொரு ஆண்டுகளில் ஆறு வேலை. எங்கேயும் திருட்டு, சண்டை, குடி என்று ஒரு புகார் கிடையாது. அறிக்கையை நாள் தவறிக் கொடுத்தான், கூட்டத்தை மறந்தான், சொன்ன வேலையை விட்டுச் சொல்லாத வேலையில் இறங்கினான், இவைதாம் புகார்கள். பையில் பணம் இருக்க, மூன்று மாதம் கரண்ட் பில் கட்ட மறந்து ஃபியூஸைப் பிடுங்கிப் போனார்கள். கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி, மறுநாள் ஆம்பூரில் தாய்வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டினாள். அந்தச் சமயத்தில்தான் இதை ஒரு மருத்துவரிடம் காட்டலாம் என்ற பேச்சு எழுந்தது.

முதலில் போனது ஒரு தனியார் மையத்துக்கு. குளிர்பதன அறை, கண்ணாடிக் கதவு. மருத்துவரைப் பார்க்க இரண்டாயிரம். பிறகு கணினிச் சோதனை, மூளை அலைப் படம், கவனப் பயிற்சி என்று ஒரு தொகுப்புக்குப் பதினெட்டாயிரம் கேட்டார்கள். வேலையில்லாமல் இருந்தவனிடம் ஏது பதினெட்டாயிரம்? வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணிபனுக்குக் கொடு என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே தங்கை வீடு திரும்பினாள். அத்தோடு விட்டுவிட இருந்தார்கள். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். பணம் இல்லை என்பதை விட, இவ்வளவு ஆகும் போலிருக்கிறது என்ற பயமே அவர்களைத் தடுக்கிறது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கவனக் குறைபாட்டை உறுதி செய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் கிடையாது. மூளை அலைப் படத்தை வைத்துப் பெரியவர் ஒருவருக்கு இது உண்டு, இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரலாறுதான் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு உருவான 18 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முதல் 6 கேள்விகள் ஒரு சல்லடை மாதிரி. சல்லடையில் நின்றவர் எல்லோருக்கும் கோளாறு இருக்கிறது என்று பொருள் இல்லை, மேலே விசாரிக்க வேண்டும் என்றுதான் பொருள். அந்த விசாரணையில் முக்கியமான கேள்வி ஒன்று: பன்னிரண்டு வயதுக்கு முன்பே இது இருந்ததா? நாற்பது வயதில் திடீரென்று கவனம் சிதறத் தொடங்கினால் அதற்கு வேறு காரணம் இருக்கும். தைராய்டாக இருக்கலாம், தூக்கத்தில் மூச்சு முட்டும் நோயாக இருக்கலாம், மனச்சோர்வாகவோ குடியாகவோ இருக்கலாம்.

பன்னிரண்டு வயதுக்கு முந்தைய கதையை யார் சொல்வது? அவனுக்கே நினைவிருக்காது. மனைவிக்குத் தெரியாது. தாய்தான் சொல்ல வேண்டும், அல்லது கூட இருந்த பாட்டி, அத்தை, மூத்த அக்காள். எந்தக் கருவியும் தர முடியாத சாட்சியம் நம் வீட்டுக் கிழவிகளிடம் இருக்கிறது, அதற்குக் கட்டணமும் கிடையாது.

பிறகு அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். கன்னடம் பேசும் இளம் மருத்துவர், தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினார். என் தங்கை வழக்கம்போல, "சுரங்கம் மூடினதுலேர்ந்துதாங்க இவன் இப்படி ஆயிட்டான், வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்துப் பார்த்து" என்று ஆரம்பித்தாள். இருபது வருஷமாக அவள் நம்பிவந்த காரணம் அது. நாங்கள் எல்லோருமே அதை ஒப்புக்கொண்டிருந்தோம், ஒப்புக்கொள்ளக்கூடிய காரணமும்தான். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, மைன்ஸ் மூடறதுக்கு முன்னாடி எப்படி இருந்தான்?" என்று கேட்டார்.

தங்கை யோசித்தாள். பிறகு முக்கால் மணி நேரம் பேசினாள். இரண்டாம் வகுப்பில் ஒரே வருஷத்தில் ஏழு சிலேட்டுத் தொலைத்தது. தூக்கைக் கொடுத்துப் பாலுக்கு அனுப்பினால், சாம்பியன் ரீஃபில் சுரங்கச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவது. தூக்கு ஓரிடத்தில், பையன் ஓரிடத்தில். சாப்பிட உட்கார்ந்தால் நாலு தரம் எழுந்து போவது. இரும்புப் பெட்டியில் அவள் பத்திரப்படுத்தியிருந்த ரேங்க் கார்டுகளை அடுத்த முறை எடுத்துக்கொண்டு போனோம். மூன்றாம் வகுப்பு ஆசிரியை கைப்பட எழுதியிருந்தார்: கெட்டிக்காரன், ஆனால் இடத்தில் உட்காருவதில்லை. அதில் போட்டிருந்த வருஷம் 1998. சுரங்கம் மூடுவதற்கு மூன்று வருஷம் முன்பு. மருத்துவர் அந்த அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்து, பிரதி எடுத்துக்கொண்டார்.

அவன் மனைவியையும் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆம்பூரிலிருந்து அதற்காகவே வந்திருந்தாள். "அவர் கெட்டவர் இல்லை டாக்டர், ஆனா என்னால முடியலை" என்று சொன்னாளாம். மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு பெரியவர்களுக்கான கவனக் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். தைராய்டுக்கு இரத்தம் எடுத்ததையும் சேர்த்து, அதுவரை ஆன மருத்துவச் செலவு ஆயிரத்தைத் தாண்டவில்லை. ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஆனதுதான் அதிகம்.

மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் வதந்தி அதிகம். முக்கியமாக இரண்டு மருந்துகள் நம் நாட்டில் தரப்படுகின்றன. ஒன்று மீதைல்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தில் சிபா நிறுவனத்து வேதியியலார் லியாண்ட்ரோ பனிசான் 1944இல் உருவாக்கியது. மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டி ரிட்டலின் என்று பெயர் வைத்தார். (மனைவி பெயரை மருந்துக்கு வைத்ததைக் கேட்டு எங்கள் வீட்டில் சிரித்தார்கள்.) உட்கொண்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். தவறாகப் பயன்படுத்தக்கூடிய மருந்து என்பதால், மருந்துச் சட்ட விதிகளில் 'எக்ஸ்' அட்டவணையில் இருக்கிறது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதியில் வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்குத் தனி உரிமமும் தேவை. ஆகவே தெருமுனைக் கடையில் கேட்டால் இல்லை என்பார்கள். சில இடங்களில் ஒரு மாதிரியாகவும் பார்ப்பார்கள். மனம் தளராமல், சீட்டு எழுதிய மருத்துவரிடமே எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றொன்று அட்டோமாக்ஸெடின். இது அந்த அட்டவணையில் சேராதது, கிடைப்பது எளிது. ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டுக்கும் பசி குறைதல், குமட்டல், தூக்கக் கேடு, நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுதல் போன்ற தொல்லைகள் வரலாம். இருதயக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் மருமகனுக்கு இரண்டாவதைக் கொடுத்தார்கள். முதல் பத்து நாள் குமட்டலில் விட்டுவிடப் பார்த்தான். ஆறு வாரத்துக்குப் பிறகு, "மாமா, ஒரே நேரத்தில் நாலு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, இப்போது ஒன்று பாடுகிறது" என்றான். மாதச் செலவு ஆயிரத்துக்குள் அடங்குகிறது. மாத்திரை மட்டும் போதாது என்று மனவியலாளர் ஒருவரும் பேசி, எல்லாவற்றையும் எழுதி வைக்கவும், பில்களைத் தானாகக் கட்டும்படி வங்கியில் ஏற்பாடு செய்யவும் பழக்கினார். நாங்கள் இரயிலில் செய்ததுதான். பதினான்கு மாதமாக ஒரே வேலையில் இருக்கிறான். சாவியை இன்னும் தொலைக்கிறான்.

அரசு மருத்துவமனை என்றதும் நம்மவர்களுக்கு ஹோசூர் ரோடு நிம்ஹான்ஸ் நினைவுக்கு வரும், கூடவே ஒரு கேலிச் சிரிப்பும் வரும். "உன்னை நிம்ஹான்ஸில்தான் சேர்க்க வேண்டும்" என்பது இந்த ஊர்ப் பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனநோய்க் காப்பகமாகத் தொடங்கியது, 1954இல் அகில இந்திய மனநலக் கழகமாகி, 1974இல் இப்போதைய பெயரைப் பெற்று, 2012இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நாள் கணக்கில் இரயிலில் வருகிறார்கள். நாமோ பஸ்ஸில் அரை மணியில் போகக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறோம். பி.டி.எம். லேஅவுட்டில் அவர்களுடைய நலவாழ்வு மையம் ஒன்றும் உண்டு. வேலூர்ப் பக்கம் உறவு உள்ளவர்களுக்கு பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கிறது. இந்தியாவில் இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற கணக்குகூட எட்டவில்லை. ஆகையால் எங்கே போனாலும் கூட்டம் இருக்கத்தான் செய்யும். காலையிலேயே, ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

அரசைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநல சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு இதை நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோரிடம் உள்ள பாலிசி, மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். கவனக் குறைபாட்டுக்கு யாரும் படுப்பதில்லை. மாதாமாதம் போய் மருந்து வாங்கி வருவதுதான் வைத்தியம். ஆகவே சட்டப்படி சமத்துவம் இருந்தும் கையில் ஒரு காசு வருவதில்லை. மருமகன் அலுவலகப் பாலிசியில் விண்ணப்பித்தபோதும் இந்தப் பதில்தான் வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலும் இது தனியாகக் குறிப்பிடப்படவில்லை. புறநோயாளிச் செலவையும் சேர்க்காமல் சமத்துவம் பேசுவது, டிக்கெட் கொடுத்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போவது போன்றது.

மறுபக்கமும் இருக்கிறது. ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு, எனக்கும் இதுதான் என்று தாமே முடிவு செய்துகொள்ளும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். தேர்வுக்கு முதல் நாள் நண்பனின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதாகவும் கேள்விப்படுகிறேன். இது ஆபத்து. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மூலம் மாத்திரை தருவித்துக்கொள்வதும் அதே ரகம்தான், சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும்.

பெண்களைப் பற்றி இரண்டு வரி. துறுதுறுவென்று ஓடும் பையன் கண்ணில் படுவான். ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண் படமாட்டாள். கல்யாணமாகி அடுப்பில் பாலைப் பொங்கவிட்டால் அவளுக்குக் கிடைப்பது மாமியார் வசவு. மருத்துவர் நினைவு யாருக்கும் வருவதில்லை. நம் மருமகள்களை இந்தக் கண்ணோடும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடுவதில் குறை சொல்லவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் உறுப்பினர்களாக உள்ள மருத்துவர்களில் ஒருவரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, மனநலம் பற்றி யாரும் வந்து கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தால் என்ன? வேலை தேடி வந்த பிள்ளைகளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் வந்துவிட்டது, அவர்களுடைய தாய்மார்களுக்கு வரவில்லை. பிள்ளையின் சிறுவயதுக் கதையைச் சொல்ல வேண்டியவர் அந்தத் தாய்தான். மொழி தெரிந்த ஒருவர் கூடப் போனால் பாதி வேலை முடிந்தது.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவி, 2022 அக்டோபரிலிருந்து இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். மருத்துவமனைக்குப் போகிறவர்கள் தாயையோ விவரம் தெரிந்த பெரியவரையோ அழைத்துப் போங்கள். பழைய ரேங்க் கார்டுகள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் மற்ற மருந்துகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். வாரநாட்களில் காலை வேளையில் எனக்கு வேறு வேலை கிடையாது.